கையா, காரா?

ராஜபாளையத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்:

"தினமும் காலையில் நான்தான் காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறேன். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மாமியாரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, அப்புறம் நான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு மாத காலமாகக் கார் இடது பக்கமாகவே இழுக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், 'உன் கை சரியில்லை' என்கிறார். மெக்கானிக்கிடம் சொன்னால், 'ரோடு அப்படி, அம்மா' என்கிறார். கையா, காரா, ரோடா? யாரைத் திருத்துவது?"

நியாயமான கேள்வி. சந்தேகத்துக்கு உரியவர்கள் மூன்று பேர். மூவரில் ஒருவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ரோடு பேசாது. கார் பேசாது. கைக்குச் சொந்தக்காரி பேசினால் வீட்டில் கேட்பாரில்லை! ஆகையால், சாட்சிகளை வைத்து விசாரணை நடத்தித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இது வெறும் ரோஷத்தைப் பற்றிய விஷயமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மதுரைக்கும் தென்காசிக்கும் போகிற பஸ்களும் லாரிகளும் ஓடுகிற சாலை. எதிரே ஒரு பஸ் வருகிறபோது கார் ஒரு சாண் தானாக விலகினால், அது உயிர் சம்பந்தப்பட்ட காரியம். பின் ஸீட்டில் குழந்தையும் மாமியாரும் இருக்கிறார்கள் அல்லவா?

"இழுப்பு" என்றால் என்ன என்று ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரின் பெயரைத் தாங்கிய அந்த வெள்ளை வேட்டை நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். நாம் நேரே போகிறோம். அது ஒரு பக்கம் போகிறது. போகப் போகத் தோள்பட்டை வலிக்கிறது. கார் இழுப்பதும் இப்படித்தான். தோள் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற எத்தனையோ பெண்மணிகளுக்கு உண்மையில் தேவை, டயருக்குக் கொஞ்சம் காற்று!

ரோடு குற்றவாளியா?

"ரோடு அப்படி" என்று மெக்கானிக் சொன்னது முழுப் பொய்யல்ல. மழை நீர் தேங்காமல் வழிந்து ஓடுவதற்காகச் சாலையை நடுவில் சற்று உயர்த்தி, இரண்டு ஓரமும் சரிவாகப் போடுகிறார்கள். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே, எந்தக் காரும் இடது ஓரத்தை நோக்கிச் சற்று நழுவத்தான் செய்யும். லேசாகப் பிடித்தால் நேரே போகிற அளவு நழுவல் என்றால், அது சாலையின் குணம். பிடியை இறுக்கி வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், அது சாலையின் குணமல்ல.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. ஜன நடமாட்டமில்லாத, சமதளமான ஒரு மைதானத்துக்குப் போங்கள். மெதுவாக, நேராக ஓட்டுங்கள். கையை எடுத்துவிடக் கூடாது. பிடியைத் தளர்த்தினால் போதும். எந்தப் பக்கம் விலகுகிறது என்று பாருங்கள். பிறகு காரைத் திருப்பி, அதே தடத்தில் எதிர்த் திசையில் ஓட்டுங்கள். போகும்போது இடது, வரும்போது வலது என்று மாறினால் தரைதான் சரிவு. போகும்போதும் இடது, வரும்போதும் இடது என்றால் ரோடு விடுதலை! அடுத்த சோதனை, ஓட்டுகிறவரை மாற்றுவது. வீட்டுக்காரரையே ஓட்டச் சொல்லுங்கள். அவர் கையிலும் இடது பக்கமே போனால், உங்கள் கையும் விடுதலை. மிச்சம் இருப்பது கார் ஒன்றுதான்.

தேர் சொல்லும் பாடம்

கார் ஏன் இழுக்கிறது என்று புரிந்துகொள்ள, இஞ்சினீயரிங் புஸ்தகம் வேண்டாம். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் வருவதைப் பார்த்திருந்தால் போதும்.

நம் ஊர்ப் பெரிய தேர்களுக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு அசையாது, சக்கரம் உருளுமே தவிர, இடமோ வலமோ முகம் திரும்பாது. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் தேரை முன்னே இழுக்கிறார்களே ஒழிய, அதன் திசை பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டையும் கையுமாக நடந்து வருகிறார்களே, அவர்களிடம் இருக்கிறது. இடது சக்கரத்துக்கு அவர்கள் முட்டுக்கட்டை கொடுத்தால், அந்தச் சக்கரம் தயங்குகிறது. வலது சக்கரம் முன்னேறுகிறது. தேர் இடப் பக்கம் முகம் திருப்புகிறது. வலது சக்கரத்துக்குக் கொடுத்தால் வலப் பக்கம். நிறுத்துவதும் அந்தக் கட்டை; திருப்புவதும் அந்தக் கட்டை. ஒரு நல்ல காரியத்தைத் தடுக்கிறவனை, "முட்டுக்கட்டை போடுகிறான்" என்கிறோமே, அந்தக் கட்டை தேரைத் தடுக்க மட்டும் அல்ல, வழி நடத்தவும்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

96 அடி உயரமுள்ள திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. அப்படியிருந்தும் வீதி முனையில் தேரைத் திருப்ப, முட்டுக்கட்டையும் கிரீஸ் தடவிய இரும்புத் தகடும்தான் கைகொடுக்கின்றன.

இந்தத் தேர்ப் பாடத்தை அப்படியே காருக்குக் கொண்டு வாருங்கள். கார் இடது பக்கம் இழுக்கிறது என்றால், இடது சக்கரத்துக்கு எதுவோ ஒன்று முட்டுக்கட்டை போடுகிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதல் சந்தேகம், காற்று. ஒரு பக்க டயரில் காற்றுக் குறைந்தால் அது சப்பளிந்து தரையோடு ஒட்டிக்கொண்டு தயங்கும். கார் அந்தப் பக்கம் சாயும். காலையில் வண்டியை எடுத்தவுடன், டயர் சூடேறுவதற்கு முன், காற்றின் அளவைப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்டிருக்கும். பெட்ரோல் பங்கில் இருக்கும் பையனின் உத்தேசத்தை நம்ப வேண்டாம். ஒரு டயரில் மட்டும் வாரத்துக்கு வாரம் காற்றுக் குறைந்தால், அதில் ஆணி குத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது சந்தேகம், டயரே. சில டயர்கள் உள்ளே கோணிப்போய், வெளிப் பார்வைக்கு நன்றாக இருக்கும். முன்பக்கத்து இரண்டு டயர்களையும் இடம், வலம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால், குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது. (ஒரு பக்கமாகவே சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை மட்டும் இப்படி மாற்றக் கூடாது.)

மூன்றாவது சந்தேகம், பிரேக். காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரத்தின் பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருக்கலாம். அசல் முட்டுக்கட்டை என்றால் இதுதான். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பத்திரமான ஓரத்தில் நிறுத்துங்கள். தோசைக்கல் காய்ந்ததா என்று தொடாமலே உள்ளங்கையை மேலே காட்டிப் பார்ப்போமே, அதே போல் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் எதிரே காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால், அல்லது கருகின வாசனை வந்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக நேரே போகிற கார், பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுத்தாலும் கோளாறு பிரேக்கில்தான். ஸ்டியரிங்கை யாரும் கழற்ற வேண்டியதில்லை.

இந்த மூன்றும் இல்லை என்று ஆன பிறகே, "அலைன்மெண்ட்" என்ற பெரிய வார்த்தைக்கு வர வேண்டும்.

சக்கரத்தின் நடை

குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு முழுவதும் நடுவில் ஓர் ஆணியின் மேல் திரும்பியது. முனிச் நகரத்து வண்டிக் கொல்லரான லாங்கன்ஸ்பெர்கர் என்பவர், அச்சு அசையாமல் சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பும்படி ஒரு வழி கண்டுபிடித்தார். வளைவில் உள் பக்கத்துச் சக்கரம் சிறிய வட்டம் போடுகிறது. வெளிப் பக்கத்துச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. ஆகையால், உள் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும் என்பது தத்துவம். லண்டனில் அவருடைய ஏஜெண்டாக இருந்த ஆக்கர்மன் 1818ல் இதற்கு உரிமை வாங்கினார். பாடுபட்டவர் ஒருவர், இன்றுவரை பெயர் மட்டும் ஏஜெண்டுக்கு! மாவரைத்தவள் ஒருத்தி, பரிமாறினவளுக்குப் பாராட்டு என்பது நமக்குப் புதிதா என்ன?

இன்றைய காரிலும் ஏற்பாடு அதுவேதான். நீங்கள் வளையத்தைத் திருப்பினால், அதன் அடியிலுள்ள சிறு பல் சக்கரம், பல் வெட்டிய ஒரு நீளத் தண்டை இடமும் வலமும் நகர்த்துகிறது. இந்தத் தண்டுக்கு "ரேக்" என்று பெயர். அதன் இரு முனையிலும் "டை ராட்" என்ற கம்பி. கம்பியின் கடைசியில், நம் தோள் மூட்டுப் போல ஒரு குண்டும் கிண்ணமும்: "டை ராட் எண்ட்". அது சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தக் காலத்து அம்பாஸிடர் காரிலும் இந்த ரேக்தான். 1983ல் வந்த மாருதி 800லும் இதுவேதான்.

அலைன்மெண்ட் என்பது சக்கரத்தின் நடையைச் சரி செய்வது. சிலர் நடக்கும்போது பாதம் உள்பக்கம் பார்க்கும். சிலருக்கு வெளிப்பக்கம் பார்க்கும். செருப்பின் தேய்மானத்தைப் பார்த்தே நடையைச் சொல்லிவிடலாம். டயரும் அப்படித்தான். உள் ஓரம் மட்டும், அல்லது வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், நடை சரியில்லை. டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப் பக்கம் ரம்பம் போலவும் பட்டால், அதுவும் அதே அறிகுறி.

இந்தப் பாதக் கோணம் கெட்டால் பெரும்பாலும் கார் இழுக்காது. டயர்தான் சீக்கிரம் தேயும். நேரான சாலையில் போகும்போதும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். சக்கரத்தின் நிமிர்வும், அது பூட்டப்பட்டிருக்கும் சாய்வும் இரண்டு பக்கமும் ஒத்துப் போகாவிட்டால் கார் இழுக்கும். பெரிய பள்ளத்தில் "தொம்" என்று விழுந்த பிறகு இழுக்க ஆரம்பித்தது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எதுவாயினும் அளப்பதற்கு யந்திரம் இருக்கிறது. கண்ணால் மதிப்புப் போடுகிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

ஆட்டமும் சத்தமும்

இழுப்பைக் காட்டிலும் அபாயமான ஒன்று உண்டு, அதுதான் ஆட்டம். வளையத்தைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பாமல், சற்று யோசித்துத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எதுவோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். கைப் பிரேக்கைப் போட்டு, கியரை நடுவில் வைத்து, இஞ்சினை ஓட விடுங்கள். வீட்டுக்காரரை முன் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். காருக்கு எதிரே நிற்கக் கூடாது, எத்தனை கோபம் இருந்தாலும்! இப்போது ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். விரல் அளவு அசைவில் சக்கரம் பதில் சொல்ல வேண்டும். வளையத்தின் ஓரம் ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தும் சக்கரம் சும்மா இருந்தால், அல்லது அடியிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால், டை ராட் எண்டோ, பால் ஜாயிண்டோ, ரேக்கின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அன்றைக்கே காரை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். நாளைக்கு ஆகட்டும், நாளன்றைக்கு ஆகட்டும் என்று தள்ளிப் போடக் கூடிய கோளாறல்ல. மூட்டு அடியோடு கழன்றுவிட்டால், அந்தச் சக்கரம் அதன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

இந்த மூட்டுக்கள் ஏன் தேய்கின்றன? அவற்றின் மேல் ஒரு ரப்பர் உறை உண்டு. அது கிழிந்தால் உள்ளேயிருக்கும் கிரீஸ் வெளியே போகும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் அம்மியில் அரைக்கிற மாதிரி இரும்பை மண் அரைத்துவிடும். உறை கிழிந்தவுடன் பார்த்து மாற்றினால் செலவு அற்பம். பார்க்காமல் விட்டால் மூட்டையே மாற்ற வேண்டும். ஆகவே, ஸர்வீஸுக்கு விடும்போதெல்லாம், "ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, பாருங்கள்" என்று மறக்காமல் கேளுங்கள்.

இன்னொன்று, நடுக்கம். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. 80 கிலோமீட்டர் வேகம் வந்ததும் ஸ்டியரிங் கைக்குள் நடுங்குகிறது என்றால், பெரும்பாலும் சக்கரத்தின் எடை சமமில்லை. ரிம்மின் ஓரத்தில் பொருத்திய சிறு எடைக் கட்டி விழுந்திருக்கலாம். ரிம்முக்குள் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கலாம். சேற்றைக் கழுவிவிட்டு, "வீல் பேலன்ஸ்" பார்க்கச் சொல்லுங்கள்; அலைன்மெண்ட் வேறு, பேலன்ஸ் வேறு. பிரேக்கை மிதித்தால் மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங் கனத்துப் போனால்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அதைக் கிண்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பால் இறுகுவது கண்ணுக்குத் தெரியும் முன்னே கைக்குத் தெரிந்துவிடும், கரண்டி கனக்கும். ஸ்டியரிங் விஷயத்திலும் நம் கைதான் முதல் பரீட்சகர். நேற்றுவரை இரண்டு விரலால் திரும்பியது இன்று இரண்டு கையைக் கேட்கிறது என்றால், "வயசாகிவிட்டது" என்று பெருமூச்சு விடாதீர்கள். முன் டயர்களில் காற்றுப் போதுமா என்று முதலில் பாருங்கள். பிறகு பவர் ஸ்டியரிங்.

அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி 1951ல் முதன் முதலாக இந்த உதவியைக் காரில் வைத்து விற்றது. அது எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்வது. உங்கள் கார் அந்த ரகமானால், எண்ணெய் அளவு குறைந்திருக்கிறதா, நிறுத்துமிடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா, திருப்பும்போது பெல்ட் கீச்சிடுகிறதா என்று பார்க்க வேண்டும். வளையத்தைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்துக்கொண்டே நிற்பதும் அதற்கு ஆகாது. 1988ல் ஜப்பானில் ஸுஸுகி கம்பெனி மின்சார மோட்டார் உதவியைக் கொண்டு வந்தது. இப்போது ஓடும் சிறு கார்களில் பெரும்பாலும் இதுதான். இதில் எண்ணெய் இல்லை. கோளாறு வந்தால் எதிரே ஒரு விளக்கு எரியும். பாட்டரி சோர்ந்து போனாலும் எரியலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். ஓடும்போது இஞ்சின் நின்றுவிட்டால், உதவிதான் போகுமே தவிர ஸ்டியரிங் போகாது. பலம் கொடுத்துத் திருப்பினால் திரும்பும். திகைத்துப் போய்க் கையை விட்டுவிடாதீர்கள். ஓடுகிற காரில் சாவியைத் திருப்பி எடுத்துவிடவும் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இண்டிகேட்டரைப் போட்டு, இறுகப் பிடித்து, நிதானமாக ஓரம் கட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"ஸ்டியரிங் சரியில்லை" என்று மட்டும் சொன்னால், "பார்க்கிறேன், அம்மா" என்ற பதில்தான் வரும். டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்றால் போதுமா? ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறது? எப்போதுமா, பிரேக்கில் மட்டுமா, வேகத்தில் மட்டுமா? எந்த நாளிலிருந்து? அதற்கு முன் பள்ளத்தில் விழுந்ததா, டயர் மாற்றினதா? என்னென்ன சோதனை செய்து பார்த்தீர்கள்? இவ்வளவும் எழுதிய சீட்டைக் கையில் வாங்கின பிறகு, "ரோடு அப்படி" என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் காற்று, டயர், பிரேக். அடுத்தபடி தளர்ந்த மூட்டுக்களை மாற்றுவது. அலைன்மெண்ட் எப்போதும் கடைசியில். மூட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது அலைன்மெண்ட் செய்வது, ஆடுகிற நாற்காலியில் உட்கார வைத்துப் பிள்ளைக்குத் தலை வகிடு எடுப்பது போல. எடுத்த வகிடு எழுந்திருப்பதற்குள் கோணிவிடும். டை ராட் எண்ட் மாற்றினாலோ அலைன்மெண்ட் மறுபடியும் கட்டாயம். யந்திரம் அச்சடித்துத் தரும் "முன்", "பின்" அளவுச் சீட்டையும், கழற்றின பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். இதில் அவநம்பிக்கை ஒன்றும் இல்லை. காய்கறிக்காரர் நிறுக்கும்போது தராசைப் பார்க்கிறோமே, அந்த வழக்கம்தான்.

நீங்களாகச் செய்யக் கூடாதவை இரண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டியரிங் வளையத்தைக் கழற்ற முயலாதீர்கள். அதற்குள் காற்றுப் பை வெடிமருந்தோடு இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கைப் பக்கத்து ஸீட்டில் உட்கார வைத்து, நீங்களே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நேரான சாலையில் கார் நேரே போக வேண்டும். ஸ்டியரிங் நேராக நிற்க வேண்டும். வளைவு தாண்டிக் கையைத் தளர்த்தினால், அது தானாக நடுவுக்குத் திரும்பி வர வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் பணத்தை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் சாவியை மறுபடி அவரிடமே கொடுங்கள்.

அடுத்த வாரம்: பிரேக்கை மிதித்தால் கீச்சிடுகிறதே, ஏன்?